ஓவியர் பெயரில் வாழும் கம்பளங்கள்: துருக்கியக் கம்பள வரலாறு எங்கிருந்து கிடைத்தது?

இஸ்தான்புல் நகரில், நீல மசூதிக்கு எதிரே, பைசாந்தியர் காலத்துக் குதிரைப்பந்தயத் திடலின் ஓரமாக நிற்கும் இப்ராஹிம் பாஷா மாளிகையில் துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் இயங்குகிறது. சுமார் 1,700 கம்பளங்கள் கொண்ட அதன் தொகுப்பைப் பழைய துருக்கியக் கம்பளங்களுக்கான முதன்மைக் களஞ்சியமாகத் துறையறிஞர்கள் மதிக்கிறார்கள். அந்தக் கம்பளக் கூடத்தில் சற்று நின்று நிதானித்துப் பார்ப்பவருக்கு ஒரு விந்தை தென்படும். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு அனத்தோலியாவில் (அனத்தோலியா என்பது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) நெய்யப்பட்ட ஒரு வகைக்குப் பெயர் 'ஹோல்பைன் கம்பளம்'. இன்னொரு வகைக்குப் பெயர் 'லோட்டோ கம்பளம்'. முதலாமவர் ஜெர்மானிய ஓவியர், இரண்டாமவர் வெனிஸ் நகரத்து ஓவியர். இருவரில் ஒருவர்கூட அனத்தோலிய மண்ணை மிதித்தவர் அல்லர், ஒரு முடிச்சும் போட்டவர் அல்லர். 'டிரான்சில்வேனியக் கம்பளம்' என்று மூன்றாவது ஒரு வகை உண்டு. அதுவும் இன்றைய ருமேனியாவிலுள்ள டிரான்சில்வேனியாவில் நெய்யப்பட்டதன்று.

இவற்றை வெறும் வசதிக்காக வைத்த பெயர்கள் என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒரு கம்பளத்தை நெய்தவர் யார் என்பதைச் சொல்லாத இந்தப் பெயர்கள், அதைக் காப்பாற்றியவர் யார், பார்த்துப் பதிவுசெய்தவர் யார் என்பதை மிகத் துல்லியமாகச் சொல்லிவிடுகின்றன. கம்பளி என்பது பூச்சி அரிக்கும், ஈரம் அழிக்கும், கால்கள் தேய்க்கும் பொருள். கூடாரங்களிலும் வீடுகளிலும் நாள்தோறும் விரிக்கப்பட்டவை நைந்து போயின. ஏதேனும் ஒரு நிறுவனத்தின் கையில் சிக்கியவை மட்டுமே தப்பின. அனத்தோலியாவின் பள்ளிவாசல்கள், இத்தாலியிலும் வடக்கு ஐரோப்பாவிலும் இருந்த ஓவியர்களின் பட்டறைகள், டிரான்சில்வேனியாவின் லூத்தரன் (புராட்டஸ்டன்ட்) தேவாலயங்கள் ஆகிய இம்மூன்றும் தத்தம் தேவைக்கேற்ப எதை வைத்துக்கொண்டனவோ, அதையே நாம் இன்று துருக்கியக் கம்பள வரலாறு என்று கண்காட்சிகளில் பார்க்கிறோம்.

வரலாற்றுக்குள் நுழையும் முன் நெசவைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பவானி ஜமக்காளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடைதான் நிறத்தையும் கோலத்தையும் தருகிறது, துணி தட்டையாக இருக்கிறது. துருக்கியில் 'கிலிம்' எனப்படும் விரிப்பும் இவ்வாறு தட்டையாக நெய்யப்படுவதுதான். முடிச்சுக் கம்பளமோ வேறு இனம். செங்குத்தாக நிறுத்திய தறியில், அடுத்தடுத்த இரண்டு பாவு இழைகளைச் சுற்றி ஒரு சிறு கம்பளித் துண்டை முடிந்து, முனைகளை முன்புறமாக இழுத்து அறுத்துவிடுகிறார்கள். ஒரு வரிசை முடிந்ததும் ஒன்றோ இரண்டோ ஊடை இழைகளை ஓட்டி, கனத்த சீப்பால் அடித்து இறுக்குகிறார்கள். துருக்கிய முறையில் அந்தத் துண்டு இரு பாவு இழைகளையும் சமமாகச் சுற்றிக்கொண்டு நடுவே வெளிவருகிறது. பாரசீக முறையில் ஓர் இழையை மட்டும் முழுதாகச் சுற்றி மற்றதன் பின்னால் நழுவிச் செல்கிறது. முதலாவது வலுவானது, நேர்கோட்டு வடிவங்களுக்கு ஏற்றது. இரண்டாவதில் வளைகோடுகள் எளிதாக வரும். இந்த வேறுபாட்டைக் கண்காட்சிகளில் ஒரு சிறு வரைபடத்தோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் கையெழுத்தில்லாத ஒரு கலையில் நெய்தவரின் கைப்பழக்கத்தைக் காட்டும் மிகச் சில தடயங்களுள் முடிச்சும் ஒன்று என்பதால், கம்பளத்தைத் திருப்பிப் போட்டுப் பின்புறத்தைப் பார்ப்பதே இத்துறையில் முதல் பாடம்.

முடிச்சுக் கம்பளங்களில் மிகப் பழையது துருக்கியில் கிடைக்கவில்லை. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில், பசிரிக் என்னுமிடத்தில் உறைபனிக்குள் மூழ்கியிருந்த ஒரு கல்லறையிலிருந்து 1949-இல் செர்கெய் ருடென்கோ வெளிக்கொணர்ந்த கம்பளம், கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிட்டாஜில் இருக்கும் அதில் துருக்கிய முடிச்சே உள்ளது என்பதால், கம்பளக் கலையைத் துருக்கியர் மத்திய ஆசியாவிலிருந்து கொண்டுவந்தனர் என்று வாதிடுவோருக்கு அது பெரும் சான்றாகிவிட்டது. பாரசீகர்களும் ஆர்மேனியர்களும் அதே கம்பளத்தைத் தம்முடையதென்கிறார்கள். அதற்கும் அனத்தோலியக் கம்பளங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,500 ஆண்டு இடைவெளி இருப்பதால், எவருடைய வாதமும் அதன் மேல் உறுதியாக நிற்க முடியாது என்பதே என் எண்ணம்.

பழமைக்கான இந்த ஆசை எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு மெல்லார்ட் விவகாரம் ஒரு பாடம். 1960களின் தொடக்கத்தில் சாத்தல்ஹூயூக் என்னும் புதிய கற்கால ஊரை அகழ்ந்த ஆங்கிலேயத் தொல்லியலர் ஜேம்ஸ் மெல்லார்ட், இருபது ஆண்டுகளுக்குப் பின், அங்குள்ள சுவரோவியங்களில் இன்றைய கிலிம் வடிவங்கள் அப்படியே இருந்தன என்று அறிவித்தார். புகைப்படங்கள் இல்லை, அவரே வரைந்த கோட்டோவியங்கள் மட்டுமே இருந்தன. வணிகர்கள் மகிழ்ந்தார்கள், நிபுணர்கள் ஐயுற்றார்கள். அவர் மறைந்த பிறகு, 2018-இல், அவருடைய வீட்டில் போலிச் சான்றுகளைத் தயாரித்ததற்கான ஆதாரங்கள் வெளிவந்தன. ஆயினும் '8,000 ஆண்டுப் பழமையான தாய்த்தெய்வ வடிவம்' என்ற விற்பனைப் பேச்சு இஸ்தான்புல் கடைத்தெருக்களில் இன்னும் ஓயவில்லை.

உறுதியான தரை கோன்யாவில்தான் தொடங்குகிறது. அனத்தோலியாவை ஆண்ட துருக்கிய வம்சமான ரூம் செல்ஜுக் சுல்தான்களின் தலைநகரமாக இருந்த அவ்வூரில், குன்றின் மேல் அலாவுதீன் பள்ளிவாசல் உள்ளது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், அங்கே ஜெர்மானியத் துணைத்தூதராக இருந்த லொய்ட்வெட் அதன் தரையில் கிடந்த பழங்கம்பளங்களைக் கவனித்தார். ஸ்வீடனைச் சேர்ந்த எஃப். ஆர். மார்ட்டின் 1908-இல் அவற்றை அச்சில் வெளிப்படுத்தினார். முழுமையும் துண்டுமாக எட்டு. அதன்பின் 1930 வாக்கில் ருடால்ஃப் ரீஃப்ஸ்டால், பெய்ஷெஹிர் ஊரின் எஷ்ரெஃபோலு பள்ளிவாசலில் அதே பாணியில் மேலும் சிலவற்றைக் கண்டெடுத்தார். எகிப்தின் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தின் குப்பைமேடுகளிலிருந்தும் ஒத்த துண்டுகள் வந்தன.

முன்பின் அறியாமல் கோன்யா கம்பளங்களுக்கு எதிரே நிற்பவருக்கு முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். முடிச்சுகள் நெருக்கமானவை அல்ல. பின்னாளைய அரண்மனைக் கம்பளங்களின் நயம் இல்லை. ஆனால் கரையைப் பாருங்கள். கூஃபி என்னும் கோண வடிவ அரபு எழுத்துகளைப் போலத் தோன்றி, எந்தச் சொல்லாகவும் படிக்க முடியாத பேருருவக் கோடுகள், நடுப்பரப்பின் சிறுசிறு எண்கோணங்களையும் கொக்கிகளையும் சூழ்ந்து வரிசையாக நிற்கின்றன. நடுவே இரண்டு சிவப்பு, இரண்டு நீலம் என்று ஒரே நிறத்தின் இரு சாயல்களை அருகருகே வைத்து அடக்கமாக விளையாடியிருக்கிறார்கள். ஒன்றிரண்டில் சீனப் பட்டுத்துணிகளின் பூக்கொடி வடிவத்தை நினைவூட்டும் கோலம் இருப்பதால், அவை மங்கோலியர் ஆசியாவை ஊடறுத்துப் பாதைகளைத் திறந்துவிட்ட காலத்தைச் சேர்ந்தவை என்றும், மொத்தத் தொகுதியை 13ஆம் நூற்றாண்டு என்று ஒரே சொல்லில் அடக்காமல் 14இன் தொடக்கம் வரை நீட்ட வேண்டும் என்றும் வாதிடுகிறார்கள். அவை எதிலும் ஆண்டு பொறிக்கப்படவில்லை.

அதே காலத்தில் பயணிகளும் எழுதிவைத்திருக்கிறார்கள். 1270களின் தொடக்கத்தில் அனத்தோலியா வழியே சென்ற மார்க்கோ போலோ, உலகிலேயே மிகச் சிறந்த கம்பளங்கள் அங்கே நெய்யப்படுவதாகச் சொல்கிறார். 1330களில் அக்சராய் ஊருக்கு வந்த இப்னு பதூதா, அவ்வூர்ப் பெயரால் அழைக்கப்படும் ஆட்டுரோமக் கம்பளங்களுக்கு வேறெந்த நாட்டிலும் இணையில்லை என்றும், அவை சிரியாவுக்கும் எகிப்துக்கும் ஈராக்கிற்கும் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏற்றுமதியாகின்றன என்றும் குறிக்கிறார். சில ஆண்டுகள் கழித்து மதுரை சுல்தானகத்துக்கும் வந்து அதன் கொடுமைகளை எழுதிவைத்தவர் இவர்தான். ஆக, நெசவு பரவலாகவும் வணிகம் பெரிதாகவும் இருந்திருக்கிறது. மிஞ்சியதோ ஒரு பள்ளிவாசலின் எட்டும் மற்றொன்றின் சிலவும்.

பள்ளிவாசலில் ஏன் மிஞ்சியது? இதுதான் அருங்காட்சியகக் கூடங்கள் போதிய அளவு விளக்காத செய்தி. இறந்தவரின் பெட்டியின் மேல் ஒரு கம்பளத்தைப் போர்த்திக் கொண்டுசென்று, அடக்கம் முடிந்தபின் அதை அவர் நினைவாகப் பள்ளிவாசலுக்கு அளித்துவிடும் வழக்கம் அனத்தோலியாவில் நெடுங்காலம் இருந்தது. அறக்கொடையாக, அதாவது வக்ஃபாக, ஒருமுறை கொடுக்கப்பட்டதை விற்கக் கூடாது, எறியவும் கூடாது. எனவே பழையது தேயத் தேய அதன் மேலேயே புதியது விரிக்கப்பட்டது. தொழுகைக்கு வருவோர் காலணியைக் கழற்றிவிட்டே நுழைவதால் தேய்மானமும் குறைவு. நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பள்ளிவாசலின் தரையே ஓர் அடுக்குக் களஞ்சியமாகிவிட்டது. தொல்லியலர் மண்ணடுக்கைப் பிரிப்பதுபோல அடியில் செல்லச் செல்லப் பழமை. சிவாஸ் பகுதியின் திவ்ரிகி பெரிய பள்ளிவாசலிலிருந்தும் இவ்வாறே ஒரு பெருந்தொகுதி கிடைத்தது. அதில் பெரும்பங்கு வக்ஃபு துறை 1979-இல் இஸ்தான்புல்லில் நிறுவிய கம்பள அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

இந்தக் களஞ்சியத்தை முதலில் மதிப்பிட்டவர்கள் திருடர்களும் தரகர்களுமே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் கீழைநாட்டுக் கம்பள மோகம் ஏற ஏற, கிராமப் பள்ளிவாசல்களிலிருந்து ஓடுகளும் மரச்செதுக்குகளும் கம்பளங்களும் காணாமல் போகத் தொடங்கின. அதைத் தடுக்கும் முயற்சியாகவே, வக்ஃபுகளின் பொருள்களைத் தலைநகரில் ஒன்றுதிரட்டி, 1914-இல் சுலைமானியா பள்ளிவாசல் வளாகத்தின் அன்னசாலைக் கட்டடத்தில் இஸ்லாமிய வக்ஃபு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதுவே இன்றைய துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தின் மூலவடிவம்; 1925-இல் சூஃபி மடங்களும் கல்லறை மாடங்களும் மூடப்பட்டபோது அவற்றின் பொருள்களும் இங்கே சேர்ந்தன. இப்ராஹிம் பாஷா மாளிகைக்கு அது இடம்பெயர்ந்தது 1983-இல்.

பள்ளிவாசல் எதைக் காத்ததோ அதைப் போலவே, எதைக் காக்கவில்லை என்பதும் வரலாற்றை வடிவமைத்தது. தொழும் இடத்தில் விலங்குருவங்களை விரிக்கத் தயங்கினார்கள். ஆகவே பறவைகளும் விலங்குகளும் கொண்ட அனத்தோலியக் கம்பளங்கள் துருக்கிக்கு வெளியேதான் அகப்பட்டன. பறவைநாகமும் (டிராகன்) நெருப்புப்பறவையும் (ஃபீனிக்ஸ்) போரிடும் புகழ்பெற்ற கம்பளத்தை பெர்லின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஃபோன் போடே 1886-இல் ரோமில் வாங்கி பெர்லினுக்குக் கொண்டுசென்றார். மரத்தின் இருபுறமும் பறவைகள் நிற்கும் மற்றொன்று 1925-இல் ஸ்வீடனின் மார்பி என்னும் சிற்றூர்த் தேவாலயத்தில் கண்டெடுக்கப்பட்டது. நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 1990-இல் பெற்ற 14ஆம் நூற்றாண்டு விலங்குக் கம்பளமோ திபெத்திலிருந்து சந்தைக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. பள்ளிவாசல் தரையை மட்டும் வைத்து எழுதினால், அனத்தோலியர் விலங்குகளை நெய்யவே இல்லை என்றுதான் முடிவு கட்டியிருப்போம்.

இனி ஓவியர்கள். 1877-இல் பெர்லினைச் சேர்ந்த யூலியுஸ் லெஸிங், ஐரோப்பிய ஓவியங்களில் வரையப்பட்ட கம்பளங்களைத் தொகுத்து வெளியிட்டார். ஓவியத்துக்கு ஆண்டு தெரியும். அதில் உள்ள கம்பளம் அந்த ஆண்டுக்குப் பிந்தியதாக இருக்க முடியாது. இந்த எளிய தருக்கம்தான் தேதியற்ற கம்பளங்களைக் கால வரிசைப்படுத்த முதல் கருவியானது; போடே அதையே வளர்த்தெடுத்தார். சியெனா மருத்துவமனையில் டொமெனிகோ டி பார்த்தோலோ 1440களில் தீட்டிய சுவரோவியத்தில், போடே வாங்கியதை ஒத்த பறவைநாகக் கம்பளம் தரையில் விரிந்திருப்பதால், பெர்லின் கம்பளத்தை 15ஆம் நூற்றாண்டில் பொருத்த முடிந்தது.

ஹோல்பைன் 1533-இல் தீட்டிய, லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள இரு தூதர்களின் ஓவியத்தில், கருவிகள் வைத்த மேடையின் மேல்தட்டில் ஒரு துருக்கியக் கம்பளம் விரிக்கப்பட்டிருக்கிறது. தரையில் அல்ல, மேடையின் மேல் என்பதைக் கவனிக்க வேண்டும்: மிதிப்பதற்கு இயலாத அளவு விலையுயர்ந்தது என்று அந்த ஒரு விவரமே சொல்லிவிடுகிறது. ஆனால் எண்கோணங்கள் வரிசையாக அமைந்த இவ்வகைக் கம்பளம் ஹோல்பைன் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இத்தாலிய ஓவியங்களில் தலைகாட்டிவிட்டது. லோட்டோ வகையின் கதையும் இதுதான். மஞ்சள் கொடிப்பின்னல் சிவப்புப் பரப்பில் படரும் அக்கம்பளத்தை லொரென்ஸோ லோட்டோ 1542-இல் வெனிஸின் பலிபீட ஓவியம் ஒன்றில் வரைந்தார்; செபாஸ்டியானோ டெல் பியோம்போ 1516-லேயே வரைந்துவிட்டார். முந்தியவர் பெயர் நிலைக்கவில்லை.

ஓவியச் சான்றின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. செல்வர் வீட்டு மேசைக்கு வந்த ஏற்றுமதிச் சரக்கை மட்டுமே ஓவியர் கண்டார். 1520-இல் இங்கிலாந்தின் கர்தினால் வுல்ஸி வெனிஸ் வணிகர்கள் வழியாக 60 கம்பளங்களைப் பெற்றார் என்பது பதிவில் உள்ளது. கிழக்கு அனத்தோலிய நாடோடிகள் தமக்காக நெய்துகொண்டதை எந்த வெனிஸ் ஓவியரும் பார்த்திருக்க மாட்டார். எனவே கண்காட்சிகளில் 15, 16ஆம் நூற்றாண்டுகள் மேற்கு அனத்தோலியாவின் உஷாக் வட்டாரத்துச் சரக்குகளால் நிரம்பி வழிவதும், கிழக்கு ஏறக்குறைய வெறுமையாக இருப்பதும் நெசவின் நிலையைக் காட்டவில்லை. பார்வையின் எல்லையைக் காட்டுகின்றன.

டிரான்சில்வேனியா நகரங்களில் வாழ்ந்த ஜெர்மானிய சாக்சன் வணிகர்கள் லூத்தரன் நெறியை ஏற்றபின், படங்கள் நீக்கப்பட்ட தேவாலயச் சுவர்களுக்கும் இருக்கைகளுக்கும் துருக்கியக் கம்பளங்களே அணியாயின. பிராஷோவ் நகரச் சுங்கப் பதிவுகளின்படி 1503-இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட கம்பளங்கள் அவ்வழியே கடந்தன. அந்நகரின் கறுப்புத் தேவாலயத்தில் இன்றும் தொங்குபவை நூறுக்கு மேல். அவற்றுள் பல, மிஹ்ராப் வளைவு (தொழுகைத் திசையைக் காட்டும் பள்ளிவாசல் மாடத்தின் வடிவம்) நெய்யப்பட்ட தொழுகை விரிப்பின் வடிவம் கொண்டவை. இது ஒட்டோமான் அரசின் கண்ணுக்கும் பட்டது போலும்: 1610-இல் கூத்தாஹியா பகுதிக்கு அனுப்பப்பட்ட ஓர் ஆணை, கஅபாவும் மிஹ்ராபும் இடம்பெறும் விரிப்புகளை நெய்து இறைமறுப்பாளருக்கு விற்பதைத் தடைசெய்தது. டிரான்சில்வேனியாவில் காணப்படும் பல விரிப்புகளில் வளைவு மேலும் கீழுமாக இருபுறமும் இருப்பதற்கு, அதாவது தொழுகைத் திசையே இல்லாமல் ஆக்கப்பட்டதற்கு, இந்தத் தடை காரணமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து.

அந்தத் தேவாலயங்களின் இன்னொரு வழித்தோன்றல் ருமேனியரான தெயோதோர் துதுக். 20ஆம் நூற்றாண்டில் அவருடைய பட்டறை ஹோல்பைன், லோட்டோ, டிரான்சில்வேனிய வகைகளைப் போலியாக நெய்து பழமையாக்கி விற்றது. ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பலவும் ஏமாந்தன. நெய்தவர் பெயர் நிலைக்காத இத்துறையில் பெயரோடு நினைக்கப்படும் பட்டறைக்காரர் ஒரு போலிக்காரர் என்பது வேடிக்கைதான்.

அரண்மனையின் பங்கைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் பெரும்பாலான கண்காட்சிகள் அதில்தான் அதிகம் நிற்கின்றன. 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து அரசவை ஓவியக்கூடத்தின் வரைபடங்கள் உஷாக் தறிகளை எட்டின. பெரும் பதக்க வடிவமும் நட்சத்திர வடிவமும் பிறந்தன. 1517-இல் எகிப்து வெல்லப்பட்டபின் கெய்ரோ நெசவாளர்கள் ஒட்டோமான் மலர்க்கோலங்களை நெய்யத் தொடங்கினார்கள். 1585-இல் மூன்றாம் முராத் பதினொரு கெய்ரோ கைவினைஞர்களைக் கம்பளியுடன் இஸ்தான்புல்லுக்கு அனுப்ப ஆணையிட்டார். அனத்தோலியப் பெண்கள் நூலை ஒரு திசையில் முறுக்க, எகிப்தியர் எதிர்த்திசையில் முறுக்கினர் என்பதால், வடிவம் ஒன்றாக இருந்தாலும் இழையைப் பிரித்துப் பார்த்து ஊரைச் சொல்லிவிட முடிகிறது.

சாயம் தனியே பேசத் தக்கது. அனத்தோலியச் சிவப்பின் அடிப்படை, நம் நாட்டு மருந்துக்கடைகளில் மஞ்சிட்டி என்று கிடைக்கும் கொடியின் இனத்தைச் சேர்ந்த ஒரு வேர். அதிலுள்ள அலிசரின் என்னும் சாயப்பொருளே சோழமண்டலக் கடற்கரையின் சாயவேரிலும் உள்ளது. இரு கரையாரும் அதை இழையில் பிடித்துவைக்கப் படிகாரத்தையே நாடினர். இஸ்மிருக்கு அருகே ஃபோச்சாவின் படிகாரச் சுரங்கங்களுக்காக ஜெனோவா வணிகர்கள் 1455 வரை அவ்வூரைத் தம் பிடியில் வைத்திருந்தார்கள். நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குப் பலவகைக் காட்டுச் செடிகள். கரும்பழுப்புக்கு இரும்புச் சத்தைச் சேர்த்தார்கள். அது கம்பளியை மெல்ல அரிக்கும். பழங்கம்பளத்தில் கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாகவும் சிவப்பும் நீலமும் மேடாகவும் நிற்பதைக் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தால் காணலாம். செதுக்கிய அழகு என்று சிலர் வியப்பது உண்மையில் இந்த அரிப்பைத்தான்.

1856-இல் வில்லியம் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். 1868-இல் ஜெர்மானிய வேதியியலர் அலிசரினையே ஆய்வகத்தில் உருவாக்கினர். சில ஆண்டுகளிலேயே மேற்கு அனத்தோலியாவின் அந்தச் சிவப்புச் சாய வேரின் ஏற்றுமதி சரிந்தது. மலிவான புட்டிச் சாயங்கள் கிராமங்களை எட்டின. அவற்றில் பல வெயிலில் வெளுத்தன, நீரில் ஒழுகின. அதே வேளையில் ஐரோப்பிய, அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைகளுக்குக் கம்பளத் தேவை பெருகிக்கொண்டிருந்தது. இஸ்மிரின் வணிக நிறுவனங்கள் நூலையும் வரைபடத்தையும் வீட்டுக்கு வீடு கொடுத்து, நெய்ததற்குக் கூலி தந்து பெற்றுக்கொள்ளும் முறை பரவியது. 1908 மார்ச்சில் உஷாக் நகரப் பெண்கள், கையால் நூல் நூற்கும் தம் பிழைப்பைப் பறித்த நூற்பாலைகளைத் தாக்கிச் சூறையாடினர். பெரிய கண்காட்சிகளில் இந்தக் கலவரத்துக்கு இடம் கிடைப்பது அரிது. பட்டுநூல் மின்னும் ஹெரெகே கம்பளங்களுக்குத் தனி அறையே கிடைக்கும். இரண்டாம் அப்துல் ஹமீது ஆட்சியில், 1891-இல், ஹெரெகே அரசுத் தொழிற்சாலையில் கம்பளத் தறிகள் நிறுவப்பட்டன. அங்கே நெய்யப்படும் பட்டுக் கம்பளத்தில் ஒரு சதுர செ.மீ. பரப்பில் 100 முடிச்சுகள், அதாவது ஒரு சதுர மீட்டருக்குப் பத்து லட்சம். நாளொன்றுக்கு எட்டாயிரம் முடிச்சு என்று வைத்துக்கொண்டால், ஒருவர் ஒரு சதுர மீட்டரை முடிக்க நான்கு மாதங்களுக்கு மேலாகும்.

'துருக்கியக் கம்பளம்' என்னும் சொல்லும் கேள்விக்குரியதே. மார்க்கோ போலோவின் குறிப்பு, நகரங்களில் துருக்கியருடன் கலந்து வாழ்ந்த ஆர்மேனியரையும் கிரேக்கரையும் நெசவோடு சேர்த்தே பேசுகிறது. பிற்காலப் பட்டறைகளிலும் அம்மக்கள் திரளாக இருந்தார்கள். 1915-இன் ஆர்மேனிய இனப்படுகொலையும் 1923-இன் மக்கள் பரிமாற்றமும் அந்தப் பக்கத்தை முற்றாக வெட்டின. இஸ்பார்த்தாவிலிருந்து ஏதென்ஸின் நெயா இயோனியாவுக்குக் குடிபெயர்ந்த கிரேக்கர்கள் அங்கே தறிகளை நிறுத்தினார்கள். லெபனானின் கசீர் ஊரில் ஆர்மேனிய அனாதைச் சிறுமியர் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகளால் நெய்த ஒரு கம்பளம், 1925-இல் அமெரிக்க அதிபர் கூலிஜுக்குப் பரிசளிக்கப்பட்டது. அதன் முடிச்சுக்குக் கணக்கு இருக்கிறது. முடிந்த சிறுமியரின் பெயர்களோ எந்தப் பெயர்ப்பலகையிலும் ஏறியதில்லை.

நெய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதிலும் மணமாகாத இளம்பெண்கள். 'இடுப்பில் கைவைத்தவள்', 'ஆட்டுக்கடாக் கொம்பு' என்று வடிவங்களுக்கு அவர்கள் வழங்கிய பெயர்கள் கிடைத்துள்ளன. முன்னது கருவளத்துக்கு, பின்னது ஆண்மைக்கு என்று அகராதி போடும் பழக்கம் விளக்கப் பலகைகளில் மிகுதி. ஒரே வடிவத்துக்கு அடுத்த ஊரில் வேறு பெயர் இருப்பதைப் பார்க்கும்போது, அந்த அகராதிகளை நம்புவதைவிட, தாயிடம் பார்த்துப் பழகிய கையின் கணக்கு என்று சொல்வதே நேர்மை. 1981-இல் ஜெர்மானிய வேதியியல் ஆசிரியர் ஹரால்ட் பெமர், பழைய கம்பளங்களின் சாயங்களை ஆய்ந்தறிந்து, மர்மரா பல்கலைக்கழகத்துடன் இணைந்து அய்வாஜிக், யுந்த்தாக் கிராமங்களில் இயற்கைச் சாயத்தை மீட்டபோது, யுந்த்தாக்கில் பெண்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நெய்கிறவருக்கே விலையில் பங்கு என்ற ஏற்பாடு அதில்தான் நடைமுறைக்கு வந்தது.

கம்பளங்களைக் காக்கும் இடங்களும் நிரந்தரமல்ல. 1945 மார்ச்சில் பெர்லின் மீது விழுந்த குண்டுகளில், நாணயச்சாலையின் நிலவறையில் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்த பெருங்கம்பளங்கள் எரிந்து போயின. இன்று அருங்காட்சியகங்கள் விளக்கொளியை 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) என்ற மங்கலான அளவில் அடக்கி, கம்பளங்களை மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைக்கின்றன. கூடம் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று முணுமுணுப்பவர்களுக்கு விடை அதுவே.

துருக்கியின் பள்ளிவாசல்களிலோ சுவருக்குச் சுவர் இயந்திரக் கம்பளம் விரிக்கப்பட்டுவிட்டது. காசியான்டெப் நகர ஆலைகள் உலகச் சந்தைக்கே அனுப்பும் அளவுக்கு நெய்து தள்ளுகின்றன. எதிர்னேயின் செலிமியே பள்ளிவாசலுக்காக உஷாக்கில் நெய்யப்பட்டு இப்போது கண்ணாடிக்குள் இருக்கும் வரிசை மிஹ்ராப் கம்பளத்தின் அமைப்பே, தோளோடு தோள் நிற்பவருக்கான கட்டங்களாக, அந்த ஆலைக் கம்பளத்திலும் அச்சு மாறாமல் ஓடுகிறது. பழசானால் மொத்தமாகச் சுருட்டி எடுத்துவிட்டுப் புதியது விரிக்கிறார்கள். அதன் அடியில் வெறும் தரைதான் இருக்கிறது.